தண்ணீர் மாதிரி

மேஜைமேல் இருந்த பாட்டிலுக்குள் தண்ணீர் சாய்ந்து நின்றது.

பாட்டில் நேராகத்தான் நின்றது. உள்ளே இருந்த தண்ணீர்தான் ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் கீழிறங்கி, யாரோ தலையைச் சாய்த்து ஒட்டுக்கேட்பதுபோல நின்றது. கெமிஸ்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலேறியிருந்த பக்கம் அவர் உட்கார்ந்திருந்த பக்கம்.

"மேஜையைச் செஞ்சவன் ஒழுங்காச் செஞ்சிருந்தா இப்படி நிக்குமா?" என்றார், அறையில் ஆள் யாரும் இல்லாமலே. மேஜையைச் செய்தவன், தரையைப் பூசியவன், அந்த ஆய்வுக்கூடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர், அவருக்கு எதிரே மாமரமாவது தெரிகிற ஜன்னலைக் கொடுக்காமல் தண்ணீர்த் தொட்டியின் காலைப் பார்த்த ஜன்னலைக் கொடுத்த மேலதிகாரி, எல்லாரையும் மனதுக்குள் வரிசையாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு வசவு கொடுத்தார். பிறகு பாட்டிலைப் பிடித்து அரைச்சுற்று திருப்பி வைத்தார். உள்ளே இருந்தது தளும்பியது, மட்டத்துக்கு வந்தது. சரி என்று அவர் பேனாவை எடுக்கும்போது மெல்ல, மிக மெல்ல, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல, மறுபடி அவர் பக்கம் சாய்ந்தது.

எழுந்து மேஜையின் அந்தப் பக்கம் போனார். தண்ணீர் கண்ணாடிச் சுவரை ஒட்டியே ஊர்ந்து அந்தப் பக்கம் வந்தது. பாட்டிலில் அக்கா ஒட்டியிருந்த சீட்டு இப்போது அவருக்கு நேராகத் தெரிந்தது. அவளுடைய கோழிக்கிறுக்கல். 'கடைசித் தெரு. தண்ணி மாதிரி.'

கெமிஸ்ட் சுலபத்தில் பயப்படுகிற ஆள் கிடையாது. பயப்படும் அளவுக்கு அவர் எதையும் மதித்ததே கிடையாது. ஊருக்கு வருகிற குடிநீர் குடிக்கத் தக்கதா என்று சோதித்துச் சொல்வது அவர் உத்தியோகம். ஒவ்வொரு தெருவுக்கும் போய், கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, பாட்டிலில் மாதிரி பிடித்து வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் வெயிலில் நடக்கிறவன் இல்லை என்பது கெமிஸ்டின் கட்சி. தொட்டியின் காலடியிலேயே, குளோரின் கலக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அவர் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி ஒரு குழாய் இருந்தது. எல்லாப் பாட்டிலையும் அதிலேயே நிரப்புவார். ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் பெயரை ஒட்டுவார். அப்புறம் வாசல் பலகையில் அறிவிப்பு ஏறும்: நிறம் இல்லை. மணம் இல்லை. சுவை இல்லை. குடிக்க உகந்தது.

"ஒரே தொட்டி, ஒரே தண்ணி. இதுல தெருத்தெருவாப் போய் நாய்க்கடி வேற வாங்கணுமா?" என்பார்.

அவர் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கேன் இருக்கும். அதன்மேல் ஒட்டிய படத்தில் ஒரு பனிமலை, மலையிலிருந்து ஒரு அருவி, அருவியின் ஓரத்தில் ஒரு மான். வீட்டில் இன்னொரு கேன். சீட்டு ஒட்டுவதன் சூட்சுமம் அந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்த மானை மட்டும் முழுசாக நம்பினார்.

ஊர் ஜனத்தைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சாக்கடையைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, கொஞ்சம் சில்லென்று இருந்திருக்கலாமே என்று மட்டும் குறை சொல்கிற கூட்டம் என்பது அந்த அபிப்பிராயம். மழை ஓய்ந்ததிலிருந்து அந்தக் கூட்டம் அவர் வாசலுக்கு வர ஆரம்பித்திருந்தது. எல்லாரும் கடைசித் தெருக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்.

"தண்ணி ஒரு மாதிரி இருக்கு சார்."

"என்ன மாதிரி?"

"அதான் சார். ஒரு மாதிரி."

"நிறமா, மணமா, சுவையா? மூணுல எதுன்னு சொல்லணும். 'ஒரு மாதிரி'ன்னு எங்க துறையில ஒரு வியாதியும் கிடையாது."

"சொல்லத் தெரியல சார்."

"சொல்லத் தெரியாதவங்களுக்குக் குடிக்க மட்டும் தெரியுதா? ஒரு மாதிரி இல்லம்மா, உங்க தெருவுக்குப் பல மாதிரி எடுத்துப் பார்த்தாச்சு. எல்லா மாதிரியும் நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க."

இந்த வேடிக்கை அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், மாலையில் டீ குடிக்கும்போது வால்வுக்காரரிடம் திரும்பச் சொல்லிச் சிரிப்பார். தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற, அடைக்கிற அந்த வால்வுக்காரர் சிரிக்க மாட்டார். "நீங்க கெமிஸ்டா, ஜோசியரா சார்? தெருவைப் பார்க்காமலே பலன் சொல்றீங்க," என்பார். அந்த ஆளின் வாய்க்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமில்லை. வாய்க்கு வால்வே கிடையாது.

அப்படித்தான் ஒருநாள் அக்காவே வந்து நின்றாள். கெமிஸ்டின் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். கடைசித் தெருவில், கடைசி வீட்டில், தையல் மெஷினோடு தனியாக இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து அவரைத் திட்டுகிறவள்.

"என்னக்கா, ஆபீசுக்கே வந்துட்ட?"

"வீட்டுக்கு வான்னா வரமாட்டேங்கற. அதான் வீட்டுத் தண்ணியை இங்க கொண்டாந்தேன்." பாட்டிலை மேஜையில் வைத்தாள். "தண்ணி ஒரு மாதிரி இருக்குடா."

"நீயுமா? என்ன மாதிரி?"

"சத்தமில்லாம விழுது."

"என்னது?"

"வாளியை வச்சுக் குழாயைத் திறந்தா விழற சத்தம் கேக்கல. நிறையற சத்தமும் கேக்கல. துணியை மடிச்சு வச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா வாளி நிறைஞ்சு நிக்குது. யாரோ வந்து வச்சுட்டுப் போன மாதிரி."

"காது டாக்டரைப் பாரு."

"பக்கத்து ரூம்ல நூல் அறுந்தா கேக்கற காதுடா இது. உன் காதைப் போய்க் காட்டு. ஊர் சொல்றது ஒண்ணும் உள்ள போகாம எதை ஊத்தி அடைச்சிருக்கியோ."

"சரி, நிறம் இருக்கா? வாடை? ருசி?"

அக்கா யோசித்தாள். அவள் பதிலுக்கு யோசித்து அவர் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமில்லடா. அதான் பயமா இருக்கு. தண்ணிக்குன்னு ஒரு ருசி இருக்குமில்ல? அது இல்ல. வாயில விட்டா வாயே இல்லாத மாதிரி இருக்கு."

"அப்ப அருமையான தண்ணிக்கா அது. புத்தகத்துல போட்டிருக்கற இலக்கணமே அதான்."

"அந்தப் புத்தகத்தைக் காய்ச்சிக் குடி." நாற்காலிக்குப் பின்னால் இருந்த கேனை எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் குழாய், துரைக்கு மட்டும் மான் குடிச்ச மிச்சமா?"

போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "வந்து ஒருதடவை பாருடா. திட்டறேன்னு வராம இருக்காத. எனக்குத் திட்டறதுக்கு வேற யாரு இருக்கா?"

"வரேன், வரேன்," என்றார் கெமிஸ்ட். பாட்டிலை அலமாரிக்குள் தள்ளி மூடினார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று தூங்கினார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. கடைசித் தெருக்காரர்களும் வருவதில்லை. அப்புறம் அதற்கு முந்திய தெருவிலிருந்தும், அதற்கும் முந்திய தெருவிலிருந்தும் குறை சொல்ல ஆள் வருவது நின்றது. குப்பை எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்று எதற்கெடுத்தாலும் அலுவலக வாசலில் வந்து கத்துகிற ஊர் அது. இப்போது வாசலில் ஒரு ஈ இல்லை. பேச்சு கொடுத்தால் வழிக்கு வந்துவிடுகிற கூட்டம்தானே என்று கெமிஸ்ட் தன் பேச்சுத் திறமையை மெச்சிக்கொண்டார்.

இன்று காலை, காலி பாட்டில் தேடி அலமாரியைத் திறந்தபோதுதான் அக்காவின் பாட்டில் கைக்கு வந்தது. கொட்டிவிட்டுக் கழுவி வைக்கலாம் என்று மேஜையில் வைத்தார். அது சாய்ந்தது.

*

"வரலாமா சார்?"

வால்வுக்காரர் நின்றிருந்தார். அவர் அனுமதி கேட்டு உள்ளே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"வாய்யா. இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் பாரு. என்ன தெரியுது?"

வால்வுக்காரர் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் பாட்டிலில் பட்டு மேஜையில் ஒரு வெளிச்ச வட்டம் போட்டிருக்க வேண்டும். வட்டம் விழவில்லை, பாட்டிலின் நிழல் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல.

"தண்ணி மாதிரிதான் இருக்கு சார்," என்றார்.

"அதைத்தான் சீட்டுலயே எழுதியிருக்கே. சாஞ்சிருக்கா இல்லையா?"

"நல்லா இருக்கு சார்."

"சாஞ்சிருக்கான்னு கேட்டேன்யா."

"நல்லா இருக்கு சார்."

கெமிஸ்ட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். எப்போதும் ஒரு ஓரத்தில் மென்றுகொண்டிருக்கிற வாய் அடங்கிக் கிடந்தது. கண்ணில் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கழுத்து மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"கழுத்துல சுளுக்கா?"

"இல்ல சார். நல்லா இருக்கு."

போனார். அவர் செருப்பு தரையில் உரசுகிற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும், அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்டே மணி சொல்லலாம். கெமிஸ்ட் காதைத் தீட்டினார். தாழ்வாரம் சும்மா இருந்தது.

தொண்டை வறண்டது. கேனைச் சாய்த்து டம்ளர் நிறையக் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். இப்போதெல்லாம் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை, வெயில் அப்படி.

மதியம் கேன்டீனில் சாப்பாட்டை ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளினார்.

"உப்புன்னு ஒண்ணு கடையில விக்கறாங்க. கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா?"

கேன்டீன் நடத்துகிற அம்மா வழக்கமாகக் கரண்டியை ஓங்குவாள். "உப்பு போட்டிருக்கேன் சார்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"எங்க போட்டீங்க, அடுப்புலயா? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு."

பக்கத்து மேஜைக் கணக்கர் நிமிர்ந்தார். அவர் மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது. "உறைப்பு இல்லையா சார்? எனக்குக் காதுல புகை வருது," என்றார். கணக்கர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். குடிக்கிற தண்ணீரையும் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறவர்.

கெமிஸ்ட் அவரை ஒரு பார்வை பார்த்தார். வெளியூர்க்காரனுக்கு நாக்கு ஏது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போது, தொட்டிக்கடியில் கால் தானாக நின்றது. குளோரின் சிலிண்டர்கள் அங்கேதான் இருந்தன. அந்த இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது அவர் வழக்கம். எப்போது அந்த வழக்கம் விட்டுப்போனது? இழுத்து மூச்சு விட்டார். சிலிண்டருக்கு மிக அருகில் போய் இழுத்தார். கண் எரிந்தது. கண் மட்டும் எரிந்தது. வாடை இல்லை.

பழகிப்போச்சு, என்று சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷ உத்தியோகம். பழகாதா?

அறையில் பாட்டில் அவருக்காகக் காத்திருந்தது. கதவைத் திறந்தபோது தண்ணீர் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

போனை எடுத்தார்.

"சொல்லு தம்பி," என்றாள் அக்கா.

தம்பி. 'என்னடா' இல்லை. 'செத்துப்போய்ட்டியோன்னு பார்த்தேன்' இல்லை.

"என்னக்கா, போனே இல்ல?"

"நல்லா இருக்கேன் தம்பி."

"தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி."

"ஒரு மாதிரி இருக்குன்ன?"

"நல்லா இருக்கு."

அவளோடு பேசும்போதெல்லாம் பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவள் காலும் வாயும் ஒரே சமயத்தில்தான் ஓயும். இப்போது அவள் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. தெருச் சத்தம், மின்விசிறி, மூச்சு, ஒன்றும் இல்லை. அவள் போனை வைக்கவும் இல்லை. அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அவர்தான் வைத்தார்.

*

கடைசித் தெருவை அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஸ்கூட்டரின் காலடியில் புதுக் கேன் ஒன்றை நிறுத்தி, சட்டைப் பையில் காலி பாட்டிலைச் செருகிக்கொண்டு, வெயில் தாழும் நேரத்தில் கிளம்பினார். அக்காவை இரண்டு நாள் தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது, அவளுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது, அவள் பழையபடி வாய் திறந்து தன்னை நாலு வார்த்தை கேட்டதும் திரும்பக் கொண்டுபோய் விடுவது. இதுதான் யோசனை. வழியில், அவள் என்ன திட்டுவாள் என்று தானே ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'வந்துட்டாருய்யா மான் குடிச்சவரு.' சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ வந்தது, அதை விழுங்கினார்.

தெருவில் எல்லா வீட்டு வாசலும் திறந்திருந்தது. வாசல்தோறும் ஆள் நின்றார்கள். பேச்சு இல்லை. மாலையில் ஒரு தெருவில் கேட்க வேண்டிய எதுவும் கேட்கவில்லை: பாத்திரம் விழுகிற சத்தம், டிவி, ஒரு தாய் பிள்ளையை அதட்டுகிற சத்தம். ஸ்கூட்டர் மட்டும் அநாகரிகமாக இரைந்தது. முன்பு அவர் வாசலில் வந்து, சொல்லத் தெரியாமல் விழித்த ஒரு பெண் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"கெமிஸ்ட் சார் வந்திருக்கார்," என்றாள் யாரிடமோ.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?" வண்டியை நிறுத்தாமலே கேட்டார். ஒரு மாதிரி இருக்கு என்று சொல்லு. சொல்லித் தொலை.

"நல்லா இருக்கு சார். நிறம் இல்ல. மணம் இல்ல. சுவை இல்ல."

பலகையில் அவர் எழுதுகிற வரி. அதே வரிசை.

அடுத்த வாசலில் நின்ற கிழவர் அதையே சொன்னார், கேட்காமலே. அதற்கடுத்த வாசலில் ஒரு சின்னப் பெண், மழலை போகாத வாயால் சொன்னாள். "குடிக்க உகந்தது."

தெரு முடிகிற இடத்தில் பொதுக்குழாய் திறந்து கிடந்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கம்பியை நட்டுவைத்ததுபோல, சிதறாமல், நுரைக்காமல், கல்லில் பட்ட இடத்தில் ஒரு துளிகூடத் தெறிக்காமல். வண்டியை அணைத்தார். சத்தமே இல்லை. அக்கா சொன்னபடியே. மாதிரி பிடிக்கலாம் என்று பையில் கை விட்டார். கை பாட்டிலோடு அங்கேயே நின்றுவிட்டது. விழுகிற அந்தக் கம்பி நடுவில் வளைந்தது. அவர் பக்கம்.

அக்கா வீட்டுக்குள் ஓடினார் என்று சொன்னால் அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். வேகமாக நடந்தார்.

அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. அந்த வீட்டுக்கு என்று ஒரு வாடை உண்டு. மெஷின் எண்ணெய், இஸ்திரிச் சூட்டில் வெந்த துணி, பாச்சை உருண்டை, எல்லாம் சேர்ந்து வாசலிலேயே மூக்கைப் பிடிக்கும். சின்ன வயதில் அந்த வாடையோடு அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கூனிக் குறுகியிருக்கிறார். இப்போது இழுத்து இழுத்து மூச்சு விட்டார். ஒன்றும் இல்லை. அலமாரியில் நூல்கண்டுகள் வரிசையாக இருந்தன. சிவப்பு எது, பச்சை எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே நிறம். நிறம் என்றுகூடச் சொல்ல முடியாது.

"உக்காரு தம்பி," என்றாள். எழுந்து உள்ளே போனாள். டம்ளரோடு வந்தாள். "தண்ணி குடி."

இத்தனை வருஷத்தில் அவர் அந்த வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. 'இப்பதான்கா குடிச்சேன்' என்பார். 'என் வீட்டுத் தண்ணி உனக்கு இறங்காது, எனக்குத் தெரியாதா' என்பாள். அது ஒரு சடங்கு.

"இப்பதான்கா குடிச்சேன்."

"சரி தம்பி."

டம்ளரை நீட்டியபடியே நின்றாள். அதில் தண்ணீர் விளிம்புக்கு மேல் எழும்பி அவரை நோக்கிச் சாய்ந்திருந்தது, வழியாமல்.

"அக்கா, கிளம்பு. என் வீட்டுல இரண்டு நாள் இரு."

"நல்லா இருக்கேன் தம்பி."

"நல்லா இல்லக்கா நீ. எங்க, என்னைத் திட்டு பார்ப்போம்."

"எதுக்கு தம்பி?"

"எதுக்கா? எதுக்குன்னு நீ எப்பக் கேட்டிருக்க?" கெமிஸ்டின் குரல் கிறீச்சிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். மெஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இது என்ன தையல்? கோணலா இருக்கு. உனக்குத் தைக்கவே தெரியாது. ஊர்ல வேற ஆள் இல்லாததால உன்கிட்ட வராங்க."

இதே வார்த்தையை ஒருமுறை ஒரு வாடிக்கைக்காரர் சொன்னதற்கு, அளவு நாடாவால் அவரைத் தெருமுனை வரை விரட்டியிருக்கிறாள்.

"சரி தம்பி," என்றாள்.

அவர் சட்டையைக் கீழே போட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றித் தழும்பு இருந்தது. மூக்கின் ஓரத்து மச்சம் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. பாட்டிலில் ஒட்டிய சீட்டுபோல எல்லாம் சரியாக ஒட்டியிருந்தது.

"அக்கா." ஒரு அடி கிட்டப் போனார். "நீ அக்காதானே?"

அவள் யோசித்தாள். நேர்மையாக, அவசரமில்லாமல், சரியான பதிலைத் தேடுகிறவளாக. கழுத்து மெல்லச் சாய்ந்தது.

"அக்கா மாதிரிதான் தம்பி," என்றாள்.

வெளியே வந்துவிட்டார். எப்படி என்று தெரியாது. ஸ்கூட்டர். கேன். வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூடியைப் பிய்த்தார். கேனை இரண்டு கையாலும் தூக்கி வாயில் கவிழ்த்தார். மார்பெல்லாம் நனைந்தது. குடித்தார். நல்ல தண்ணீர். மலைத் தண்ணீர். குடித்துக்கொண்டே இருந்தார்.

தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்கவில்லை.

நிறுத்தினார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். டம்ளர் கையிலேயே இருந்தது.

"அதுவும் இதுதான் தம்பி," என்றாள். "கேன்காரர் கிணறு மழையில இடிஞ்சு போச்சு. அப்பலேர்ந்து நம்ம தெருக் குழாயிலதான் பிடிக்கிறார். சீட்டு மட்டும் ஒட்டுவார்."

மான். அருவி. பனிமலை.

கேன் கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்தது. சத்தமில்லை. தண்ணீர் பரவியது. பள்ளத்தை நோக்கி ஓடவில்லை. அவர் காலைச் சுற்றி வந்து நின்றது.

வாசல்களிலிருந்து எல்லாரும் இறங்கித் தெருவுக்கு வந்திருந்தார்கள். கிழவர். குறை சொல்ல வந்த பெண். சின்னப் பெண். ஆளுக்கொரு டம்ளர். எல்லாத் தலையும் ஒரே அளவு சாய்ந்திருந்தது. யாரும் கிட்ட வரவில்லை. வரத் தேவையில்லை என்பதுபோல நின்றார்கள்.

"தண்ணி எப்படி தம்பி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

ஒரு மாதிரி. சொல்லிவிட வேண்டும். ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டே வார்த்தை, ஊரே வந்து அவரிடம் சொன்ன வார்த்தை. உதட்டைக் குவித்தார். ஒ. ஒரு.

"நல்லா இருக்கு," என்றது அவர் வாய்.

அப்போதுதான் ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம் இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது. நனைந்த மீசை இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பொதுக்குழாய் இருந்த பக்கம்.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். நிமிர்த்தினார். நேராக நின்றது. மட்டத்துக்கு வந்தது. கையை எடுத்தார்.

மெல்ல, மிக மெல்ல, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மனிதர் மாதிரி, அது மறுபடி சாய்ந்தது.